அடை வைக்கும் அன்றே சேவலுக்கும் கணக்குப் போடுங்கள்

கோழி அடைக்கு உட்கார்ந்துவிட்டது என்றால் வீட்டில் எல்லோருக்கும் ஒரே குஷிதான். இருக்கிற முட்டையையெல்லாம் பொறுக்கி அதன் அடியில் தள்ளிவிட்டு, நாள்காட்டியில் ஒரு வட்டமும் போட்டுவிடுவோம். பிள்ளைகள் வராத குஞ்சுக்குப் பெயர் வைக்க ஆரம்பித்துவிடுவார்கள். நாலைந்து மாதம் கழித்து, இருட்டு விலகும் முன்பே நாலு இளஞ்சேவல் போட்டி போட்டுக் கூவ, பக்கத்து வீட்டில் விளக்கு எரியும்போதுதான் அடுத்த கேள்வி வரும்: இத்தனை சேவலை வைத்துக்கொண்டு என்ன செய்வது? கோழி வளர்க்கிறவர்கள் என்னிடம் கேட்பதில் பாதி இந்த இரண்டு விஷயம்தான், ஆனால் தனித்தனியாகத்தான் கேட்பார்கள். அடைக்கோழி ஒரு தலைவலி, சேவல் வேறொரு தலைவலி என்று. என்னைக் கேட்டால் இரண்டும் ஒரே கணக்கு. முட்டையை அடியில் வைக்கிற அன்றைக்கே சேவலுக்கும் வழி யோசித்தாக வேண்டும்.

ஏனென்றால் அன்றைக்கு எல்லாம் முடிவாகிவிட்டது. கோழியினத்தில் ஆணா பெண்ணா என்று தீர்மானிப்பது தாய் வழி. பெட்டைக்கு இசட், டபிள்யூ என்று இரண்டு வகைக் குரோமோசோம், சேவலுக்கு இரண்டுமே இசட். தாயின் கருமுட்டையில் இந்த இரண்டில் எது இருக்கிறதோ அதுதான் கணக்கு, அதுவும் ஓடு கட்டுவதற்கு முன்பே தீர்ந்துபோகிறது. ஆகவே கூரான முட்டையில் சேவல், உருண்டை முட்டையில் பெட்டை என்று பார்த்துப் பார்த்துப் பொறுக்கி வைப்பதெல்லாம் மனத்திருப்திக்குத்தான். சூட்டைக் கூட்டினாலும் குறைத்தாலும் மாறாது. முதலைக்கும் பல ஆமைகளுக்கும் மண்ணின் சூட்டைப் பொறுத்து ஆண் பெண் மாறும், கோழிக்கு அந்த வேலையே இல்லை. பத்துக் குஞ்சு பொரித்தால் சராசரியாக ஐந்து சேவல். சராசரியாக என்பதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் பத்தில் ஏழோ அதற்கு மேலோ சேவலாக வருவதற்கு ஏறக்குறைய ஆறில் ஒரு வாய்ப்பு இருக்கிறது. நாணயத்தைச் சுண்டிப்போடுகிற அதே கணக்குதான். இது தெரிந்தால் "எங்க வீட்டு முட்டையில் மட்டும் சேவலாவே வருது" என்ற புலம்பல் பாதியாகக் குறையும்.

சரி, முதலில் கோழிக்கு வருவோம். முட்டையிட உட்கார்ந்திருக்கிற கோழிக்கும் அடைக்கு உட்கார்ந்த கோழிக்கும் வித்தியாசம் கையை நீட்டினாலே தெரியும். முட்டையிடுகிற கோழி எழுந்து ஓடும், அல்லது கண்டுகொள்ளாமல் இருக்கும். அடைக்கோழி இரண்டு மடங்காகப் பருத்துக்காட்டும், முதுகு முடியெல்லாம் சிலிர்க்கும், தொண்டைக்குள்ளிருந்து கர்ரென்று ஒரு சத்தம் போடும், இன்னும் கிட்டே போனால் கையைப் பிய்த்துவிடும். அடிவயிற்றைத் தடவிப் பார்த்தால் நெஞ்சுப் பக்கம் முடி உதிர்ந்து வெறும் தோல் சுடச்சுட இருக்கும். முட்டையில் நேராகச் சூடு படுவதற்காக அப்படி. கொண்டை நாளடைவில் வெளிறும். ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் எழுந்து வரும், கால் மணி நேரமோ கொஞ்சம் கூடவோ, அதற்குள் அவசர அவசரமாக இரை தின்று, தண்ணீர் குடித்து, மண்ணில் புரண்டு, ஒரே ஒரு பெரிய எச்சத்தைப் போட்டுவிட்டுத் திரும்பிப் போய்விடும். அந்த எச்சத்தின் நாற்றத்தை ஒரு தடவை அனுபவித்தவர்கள் அப்புறம் எந்தக் காலத்திலும் அடைக்கோழியை அடையாளம் காணத் தவற மாட்டார்கள். நாள் முழுக்க அடக்கி வைத்து, கூடு அசுத்தமாகாமல் வெளியே வந்து கழிக்கிறது, அவ்வளவுதான். நோய் இல்லை, பயப்பட வேண்டாம்.

இதற்குப் பின்னால் இருப்பது புரோலாக்டின் என்ற ஹார்மோன். கூட்டில் முட்டை சேர்வது, அதன் மேல் உட்கார்ந்து வயிற்றில் அந்தத் தொடுவுணர்வு படுவது, நீண்ட பகல், வெதுவெதுப்பான பருவம், இதெல்லாம் சேர்ந்து அதை ஏற்றிவிடும். ஏறியதும் முட்டையிடுவது நின்றுபோகும். அதனால் தினமும் முட்டையை எடுத்துவிடுகிற வீட்டில் அடை குறையும், ஆனால் இல்லாமல் போகாது. அடியில் ஒன்றுமே இல்லாமல் வெறும் தரையில், ஒரு கல்லின் மேல், உருளைக்கிழங்கின் மேல்கூட உட்காரும். இனத்தையும் பொறுத்தது. சில்க்கி, கொச்சின், அசில் போன்றவை அடிக்கடி உட்காரும். லெகார்ன் போன்ற முட்டை இனங்களிலும் பண்ணைக்கென்று உருவாக்கிய கலப்பினங்களிலும் தலைமுறை தலைமுறையாக அடைக்கு உட்காராததையே தேர்ந்தெடுத்து வளர்த்து அந்தக் குணத்தை ஏறக்குறைய அழித்துவிட்டார்கள். முட்டைதான் வேண்டும் என்பவர்கள் அடிக்கடி அடைக்கு உட்காருகிற இனத்தை வாங்கிவிட்டு அதனோடு சண்டை போடுவது வீண்.

இப்போது முடிவெடுக்க வேண்டியது ஒன்றே ஒன்று: முட்டை வைத்துப் பொரிக்க விடுவதா, இல்லை அடையை விட்டு எழ வைப்பதா, அதாவது தெளிய வைப்பதா. இரண்டும் இல்லாமல் "உட்கார்ந்து உட்கார்ந்து தானே எழுந்திரிக்கும்" என்று விடுகிறார்களே, அதுதான் மோசம். குஞ்சு பொரிக்க 21 நாள் என்ற கணக்கெல்லாம் கோழிக்குத் தெரியாது. குஞ்சு வராவிட்டால் அது பாட்டுக்கு வாரக்கணக்கில் உட்கார்ந்தே இருக்கும். சரியாகத் தின்னாமல் நெஞ்செலும்பு கத்தி மாதிரி துருத்திக்கொண்டு நிற்கும், கூட்டில் செள்ளும் பேனும் மண்டும். மற்றக் கோழிகள் அதே பெட்டியில் முட்டையிட முடியாமல் வெளியே எங்காவது ஒளித்து இடும். இன்னொன்று, ஒன்று உட்கார்ந்தால் அதைப் பார்த்து இன்னொன்றும் உட்காரும் என்று பலரும் சொல்வார்கள். நானும் அப்படித்தான் கண்டிருக்கிறேன்.

சேவலுக்கு இடமில்லை, வழியில்லை என்றால் தெளிய வைப்பதுதான் சரி, அதில் பாவம் ஒன்றும் இல்லை. செய்யவேண்டியது எளிது. அடியில் கம்பி வலை போட்ட கூண்டு ஒன்று வேண்டும். அதை இரண்டு செங்கல் மேல் தூக்கி வைத்து, கீழிருந்து காற்று வருகிற மாதிரி செய்துவிடுங்கள். உள்ளே வைக்கோல், சாக்கு, அட்டை எதுவும் போடக்கூடாது. படுத்தால் மெத்தென்று இருக்கவே கூடாது. தீவனமும் தண்ணீரும் எப்போதும் இருக்கட்டும், நிழல் கட்டாயம். மூன்று நான்கு நாள் இரவும் பகலும் அதற்குள்தான். வயிற்றுச் சூடு தணியத் தணிய ஹார்மோனும் இறங்கும். பிறகு திறந்து விட்டுப் பாருங்கள். மற்றக் கோழிகளோடு கிளறப் போய்விட்டால் தெளிந்துவிட்டது, நேராக முட்டைப் பெட்டிக்கு ஓடினால் மறுபடியும் உள்ளே. உட்கார்ந்த முதல் நாளிலோ இரண்டாம் நாளிலோ பிடித்துப் போட்டால் சீக்கிரம் தெளியும், இரண்டு வாரம் ஊறிய அடை சுலபத்தில் விடாது. தெளிந்தாலும் மறுநாளே முட்டை வராது, ஒன்று இரண்டு வாரமாவது ஆகும், சில சமயம் அதற்கு மேலும். பட்டினி போடுவது, இருட்டறையில் கவிழ்த்து வைப்பது, வாளித் தண்ணீரில் முக்கி முக்கி எடுப்பது இதையெல்லாம் சிலர் செய்வார்கள். தண்ணீரில் முக்கினால் இறகு நனைந்து குளிரில் நடுங்கும், அடை போவது என்னவோ சந்தேகம்தான். நான் கூண்டோடு நிறுத்திக்கொள்வேன்.

வைப்பது என்று முடிவானால் முதல் வேலை இடம் மாற்றுவது. பொதுப் பெட்டியிலேயே விட்டால் மற்றவை வந்து அதன் மேலேயே ஏறி முட்டையிடும், நாளுக்கு ஒன்றாகச் சேர்ந்து எது எந்த நாள் முட்டை என்றே தெரியாது, சண்டையில் நாலு உடையும். இருட்டிய பிறகு தூக்கி, தனியாக, தரையோடு ஒட்டிய, நாயும் பூனையும் பாம்பும் எலியும் புக முடியாத ஓர் இடத்தில் வைக்க வேண்டும். இரண்டு மூன்று நாள் பொய் முட்டையை வைத்துப் பாருங்கள். மரத்தில் செய்ததோ பிளாஸ்டிக்கோ, கோழி கேள்வி கேட்காது. இடம் பிடித்து உட்கார்ந்துவிட்டது என்று உறுதியான பிறகு ஓர் இரவில் நல்ல முட்டையை மாற்றி வைத்துவிடலாம். எல்லா முட்டையும் ஒரே வேளையில் வைக்க வேண்டும், இன்றைக்கு நாலு நாளை மறுநாள் நாலு என்று வைத்தால் முதல் குஞ்சோடு தாய் எழுந்து போய்விடும், மீதி பாதிக் கருவோடு குளிர்ந்து சாகும்.

முட்டை ஒரு வாரத்துக்கு உட்பட்டதாக இருக்கட்டும், அதற்கு மேல் போகப் போகப் பொரிக்கிற வாய்ப்பு இறங்கும். கழுவக் கூடாது. ஓட்டின் மேல் உள்ள மெல்லிய பூச்சு போய்விட்டால் கிருமி உள்ளே நுழையும். குளிர்ச்சியான இடத்தில் கூர்முனை கீழே இருக்கிற மாதிரி வைத்திருந்தால் போதும். மிகப் பெரியது, ஓடு மெலிந்தது, கோணலானது வேண்டாம். ஒவ்வொன்றிலும் பென்சிலால் ஒரு கோடு போட்டுவிடுங்கள், கோடு இல்லாத முட்டை தென்பட்டால் யாரோ புதிதாக வந்து இட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம், உடனே எடுத்துவிடலாம். எத்தனை வைப்பது என்பதற்குக் கோழியின் உடம்புதான் அளவு. நடுத்தரக் கோழிக்குப் பத்துப் பன்னிரண்டு, சின்னதற்கு ஆறேழு. ஒன்று மட்டும் இறகுக்கு வெளியே எட்டிப் பார்த்தால் ஒன்றுதானே என்று விடாதீர்கள். கோழி நாளெல்லாம் முட்டையைப் புரட்டி இடம் மாற்றிக்கொண்டே இருக்கும், அதனால் எல்லா முட்டையும் முறை வைத்து வெளியே வந்து குளிரும். பேராசையில் பதினைந்து வைத்து ஐந்து பொரிப்பதைவிட ஒன்பது வைத்து எட்டு பொரிப்பது மேல். என்னைப் பொறுத்தவரை எண்ணிக்கையைக் குறைப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு, அது சேவல். பத்துக் குஞ்சென்றால் ஐந்து சேவலுக்கு வழி இருக்க வேண்டும், இரண்டுக்குத்தான் வழி இருக்கிறது என்றால் நாலு முட்டைதான் வைக்க வேண்டும். யாரும் இப்படி யோசிப்பதில்லை.

ஏழாம் நாள் இரவு முட்டையை ஒவ்வொன்றாக எடுத்து, கைபேசி டார்ச்சை அகலமான முனையில் வைத்து வெளிச்சம் பார்க்கலாம். உள்ளே ஒரு கரும்புள்ளியும் அதிலிருந்து கிளை பிரிகிற சிவப்பு நரம்புகளும் தெரிந்தால் உயிர் பிடித்துவிட்டது. சில சமயம் புள்ளி லேசாகத் துள்ளுவதுகூடத் தெரியும். ஒன்றுமே இல்லாமல் மஞ்சள் வெளிச்சம் மட்டும் என்றால் சேவல் படாத முட்டை. இரத்தம் ஒரு வளையமாக மட்டும் நின்றால் கரு பிடித்து நின்றுபோனது. இரண்டையும் எடுத்துவிடலாம், இல்லாவிட்டால் சூட்டில் கெட்டு, கூட்டுக்குள் வெடித்து, நல்ல முட்டைகளையும் கெடுக்கும். பழுப்பு ஓட்டில் சட்டென்று தெரியாது, சந்தேகமாக இருந்தால் விட்டுவிட்டுப் பதினாலாம் நாள் பாருங்கள். 18க்குப் பிறகு கை வைக்கவே வேண்டாம்.

20ஆம் நாளில் ஒரு வேலை செய்யுங்கள், அக்கம்பக்கம் சத்தமில்லாத நேரத்தில் கோழிக்குக் கிட்டே போய் உட்காருங்கள். குஞ்சு ஓட்டை உடைக்கும் முன்பே முட்டையின் அகலமான பக்கத்தில் இருக்கிற காற்றறைக்குள் அலகை நுழைத்து மூச்சுவிட ஆரம்பித்துவிடும், அப்போதிருந்தே கீச்கீச்சென்று சத்தம் வரும். தாய் அதற்கு அடித்தொண்டையில் மெதுவாகக் கொக்கொக்கென்று பதில் சொல்லும். இத்தனை நாள் கர்ரென்று உறுமிக்கொண்டிருந்த அதே கோழிதான். பிறகு ஓட்டில் ஒரு சின்ன வெடிப்பு. அதற்கப்புறம் பல மணி நேரம் ஒன்றுமே நடக்காது, இங்கேதான் மனுஷனுக்குக் கை பரபரக்கும். குஞ்சு சும்மா இல்லை, மீதி மஞ்சள் கருவை வயிற்றுக்குள் இழுத்துக்கொண்டிருக்கிறது, ஓட்டோடு ஒட்டிய இரத்தக் குழாய்கள் வற்றிக்கொண்டிருக்கின்றன. அதற்குள் நாம் ஓட்டை உரித்தால் இரத்தம் கொட்டிச் செத்துப்போகும். வெடிப்பிலிருந்து வெளியே வர ஒரு நாள்வரைகூட ஆகும். விட்டுவிடுங்கள். வந்த குஞ்சும் இரண்டு மூன்று நாள் அந்த மஞ்சள் கருவிலேயே தாங்கும், அதனால் தாய் எழாமல் பிந்தி வருகிறவர்களுக்காகக் காத்திருக்கிறதே என்று நாம் பதற வேண்டியதில்லை.

குஞ்சு வந்த பிறகு மனுஷனுக்கு வேலை குறைவு, அதுதான் தாய்க்கோழியின் பெருமை. விளக்கு வேண்டாம், வெப்பமானி வேண்டாம். இரண்டு விஷயம் மட்டும். தண்ணீர்க் கிண்ணம் ஆழமில்லாமல், உள்ளே கூழாங்கல் போட்டதாக இருக்க வேண்டும். தீவனம் குஞ்சுத் தீவனமாக இருக்க வேண்டும், முட்டைக்கோழித் தீவனம் கூடாது. அதில் சுண்ணாம்புச் சத்து மூன்றரை நாலு சதவீதம் இருக்கும், குஞ்சுக்கு ஒரு சதவீதமே போதும், கூடினால் சிறுநீரகம் கெடும். எல்லாம் ஒன்றாகத் திரிகிற இடமென்றால் எல்லாவற்றுக்கும் குஞ்சுத் தீவனத்தையே போட்டு, கிளிஞ்சல் தூளைத் தனிக் கிண்ணத்தில் வைத்துவிடுங்கள், வேண்டிய கோழி வேண்டிய அளவு தின்றுகொள்ளும். மூன்றாவது வாரத்திலிருந்து இரத்தக் கழிச்சல் வரலாம், தரை ஈரமாக இருந்தால் கட்டாயம் வரும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஐந்திலிருந்து எட்டு வாரத்துக்குள் தாய் ஒரு நாள் கொத்தித் துரத்தும், பாவமாக இருக்கும், ஆனால் அது மறுபடி முட்டைக்கு வருகிறது என்று அர்த்தம்.

குஞ்சு வேண்டும் சேவல் வேண்டாம் என்பவர்களுக்கு ஒரு குறுக்கு வழி உண்டு. கோழியைப் பொய் முட்டை மேல் இரண்டு மூன்று வாரம் உட்கார வைத்துவிட்டு, பிறந்து ஓரிரு நாளே ஆன பெட்டைக் குஞ்சுகளை விலைக்கு வாங்கி, இரவில் ஒவ்வொன்றாக அதன் அடியில் நுழைத்துவிட்டுப் பொய் முட்டையை உருவிவிட வேண்டும். விடியும்போது பக்கத்தில் இருந்தாக வேண்டும், பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளும், ஏற்காத கோழி குஞ்சைக் கொத்திக் கொன்றுவிடும். குஞ்சு வயது கூடக் கூட ஏற்பது குறையும், குஞ்சும் இதைத் தாயென்று நினைக்காது. நல்ல வழிதான். ஆனால் இதில் சேவல் கணக்கு மறைவதில்லை, இடம் மாறுகிறது. அந்தப் பெட்டைகளின் அண்ணன் தம்பிகளை முட்டை இனப் பொரிப்பகங்களில் பிறந்த அன்றே கொன்றுவிடுகிறார்கள், உலகம் முழுக்க ஆண்டுதோறும் பல நூறு கோடி. குஞ்சின் பின்பக்கத்தைப் பார்த்து ஆண் பெண் பிரிக்கிற வித்தையை 1920களில் ஜப்பானியர்கள் கண்டுபிடித்த பிறகு அது இன்னும் வேகமானது. ஜெர்மனியில் 2022 ஜனவரி 1 முதல் இப்படி ஆண் குஞ்சைக் கொல்வதற்குத் தடை. அதனால் அங்கே பொரிக்கும் முன்பே முட்டையிலேயே ஆணா பெண்ணா என்று கண்டுபிடிக்கிற எந்திரங்களை நாடுகிறார்கள், இல்லாவிட்டால் சேவல்களையும் வளர்க்கிறார்கள். வீட்டில் பொரிக்கிறவர்கள் குறைந்தபட்சம் தங்கள் சேவலின் முகத்தைப் பார்த்துவிட்டு முடிவெடுக்கிறார்கள், அந்த அளவுக்கு நேர்மை என்றுதான் எனக்குத் தோன்றும்.

இனி சேவல். ஐந்தாறு வாரத்திலேயே கொண்டை சிலவற்றுக்குச் சிவந்து தடிக்கும், கால் பருமனாக இருக்கும், நிற்கிற தோரணையே வேறாக இருக்கும். மூன்று மாத வாக்கில் கழுத்திலும் வாலுக்கு முன்னாலும் கூர்மையான, மினுங்குகிற இறகு முளைக்கும், பெட்டைக்கு அங்கே முனை உருண்டையாக இருக்கும். அதற்கப்புறம் சந்தேகமில்லை. ஒரு சின்னத் தந்திரம்: ரோட் ஐலண்ட் ரெட் இனச் சேவலையும் வரி வரியாக இறகுள்ள பிளிமத் ராக் இனப் பெட்டையையும் சேர்த்தால், பிறக்கிற ஆண் குஞ்சுக்குத் தலையில் ஒரு வெள்ளைப் பொட்டு இருக்கும், பெட்டைக்கு இருக்காது. பிறந்த அன்றைக்கே தெரிந்துவிடும்.

எட்டுப் பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல், வீட்டுக் கூட்டத்துக்கு அது போதும். முட்டைக்கு மட்டுமென்றால் அந்த ஒன்றும் தேவையில்லை, சேவல் இல்லாமலும் கோழி முட்டையிடும். கூடினால் என்ன ஆகும் என்று கோழியின் முதுகைப் பார்த்தால் தெரியும். சேவல்கள் மாற்றி மாற்றி மிதித்து, அதாவது இணைசேர்ந்து, முதுகில் முடி கொட்டி, பிடரியில் வழுக்கை விழுந்து, இறக்கைக்கு அடியில் விலாப் பக்கம் சேவலின் கால் முள் கிழித்த காயம் இருக்கும். அந்தக் காயம் இறகுக்குள் மறைந்திருக்கும், தூக்கிப் பார்த்தால்தான் தெரியும். சேவலுக்குப் பிடித்த ஒன்றிரண்டு பெட்டைகள்தான் அதிகம் அடிபடும். பெட்டைகள் இரையெடுக்க இறங்கப் பயந்து பரண் மேலேயே இருந்தால் சேவல் கூடிவிட்டது என்று முடிவு செய்துவிடலாம்.

கூவலைப் பற்றி ஒன்று. பலரும் அதிகம் சத்தம் போடுகிற சேவலை அனுப்பிவிட்டால் விடியல் அமைதியாகிவிடும் என்று நினைக்கிறார்கள். ஜப்பானில் நகோயா பல்கலைக்கழகத்தில் இதை ஆராய்ந்திருக்கிறார்கள். வெளிச்சத்தைப் பார்த்துத்தான் சேவல் கூவுகிறது என்றில்லை, உடம்புக்குள் ஓடுகிற கடிகாரமே விடியலுக்கு முன் கூவ வைக்கிறது என்று 2013இல் சொன்னார்கள். 2015இல் இன்னொன்று: கூட்டத்தில் யார் பெரியவனோ அவன்தான் முதலில் கூவுவான், மற்றவை தத்தம் தகுதி வரிசையில் பின்னால் கூவும். பெரியவனை எடுத்துவிட்டால் அடுத்தவன் முதல் கூவலை எடுத்துக்கொள்வான். ஆகவே ஒன்றை அனுப்பினால் எண்ணிக்கை ஒன்று குறையும், விடியல் குறையாது. கோழிகளுக்குள் இப்படி யார் யாரைக் கொத்தலாம் என்று ஒரு வரிசை இருப்பதை 1920களின் தொடக்கத்திலேயே நார்வேக்காரர் தோர்லைஃப் ஷெல்டெரப்-எப்பே எழுதிவிட்டார்.

உபரிச் சேவலுக்கு வழி மூன்றுதான். ஒன்று, தனிக் கொட்டகை. சேவல்களை மட்டும், பெட்டை கண்ணில் படாத தூரத்தில், ஒன்றாக வளர்ந்தவற்றை ஒன்றாகவே விட்டால் ஆச்சரியமாக அடங்கியிருக்கும். சண்டைக்குக் காரணமே பெட்டைதான். இடம் தாராளமாக வேண்டும், தீவனத் தட்டு இரண்டு மூன்று இடத்தில் வேண்டும், துரத்தப்படுகிறவன் ஒளிய நாலு பலகையும் ஏறி உட்காரக் கம்பும் வேண்டும். ஒன்றை வெளியே எடுத்து ஒரு வாரம் கழித்துத் திரும்ப விட்டால் புதியவனாகத்தான் நடத்தப்படுவான், அப்போது இரத்தம் பார்க்காமல் முடியாது. அசில் போன்ற சண்டை இனங்களுக்கு இந்த வழியே சரிப்படாது. தீவனச் செலவு ஆயுள் முழுக்க உங்களுடையது என்பதையும் மறக்க வேண்டாம்.

இரண்டு, யாருக்காவது கொடுப்பது. எல்லோர் வீட்டிலும் சேவல் கூடித்தான் இருக்கிறது, அதனால் இது நினைப்பதைவிடக் கஷ்டம். நல்ல இனமாக, நல்ல குணமாக இருந்தால் ஒன்றிரண்டு போகும். எதற்கு வாங்குகிறார்கள் என்று கேட்டுவிடுங்கள், சண்டைக்கு விடுகிறவர்களும் வருவார்கள். "வளர்க்கத்தான்" என்று சொல்லிவிட்டு அறுத்துவிட்டார்களே என்று பின்னால் வருந்துகிறவர்களும் உண்டு. கொடுத்தபின் அது நம் கையில் இல்லை.

மூன்று, கறி. சுற்றி வளைக்காமல் சொன்னால் பெரும்பாலான சேவல்களுக்கு இதுதான் முடிவு, நாலு மாதத்திலிருந்து ஐந்து மாதத்துக்குள் செய்தால் இறைச்சி பதமாக இருக்கும், அதற்கு மேல் போனால் நேரமெடுத்து வேகவைக்க வேண்டும். முந்தைய இரவே தீவனத்தை நிறுத்திவிட வேண்டும், தண்ணீரை நிறுத்தக் கூடாது. பகலில் துரத்திப் பிடித்து அலைக்கழிக்காமல், இருட்டில் பரணிலிருந்து மெதுவாகத் தூக்கி வைத்துக்கொள்ளுங்கள். மருந்து கொடுத்திருந்தால் அதற்குச் சொல்லியிருக்கிற இடைவெளி நாள் கழிய வேண்டும். கை பழகாதவர்கள் காணொளியைப் பார்த்துச் செய்ய இறங்க வேண்டாம், தெரிந்த ஒருவர் பக்கத்தில் நின்று ஒரு தடவை கற்றுக்கொடுத்தால் கோழிக்கும் வேதனை இல்லை, நமக்கும் நடுக்கம் இல்லை. சுத்தம் செய்தவுடன் அடுப்பில் ஏற்றினால் ரப்பராகத்தான் இருக்கும். உடம்பின் விறைப்பு விடும்வரை ஒன்றிரண்டு நாள் குளிர்பெட்டியில் வைத்துவிட்டு எடுங்கள். பிள்ளைகளிடம் மறைக்கலாமா என்று கேட்பார்கள். வேண்டாம் என்பேன், அதனால்தான் பெட்டை என்று உறுதியாகும்வரை பெயர் வைக்க வேண்டாம் என்றும் சொல்வேன்.

காயடிப்பது பற்றியும் கேட்கிறார்கள். சேவலுக்கு விதை வயிற்றுக்குள், முதுகெலும்பை ஒட்டி இருக்கிறது, அதை எடுப்பது அறுவை சிகிச்சை. வீட்டில் செய்கிற காரியம் அல்ல.

எதை வைத்துக்கொள்வது என்பதில் அழகுக்கு நான் கடைசி இடம்தான் கொடுப்பேன். இரை கிடைத்தால் தான் விழுங்காமல் அலகில் எடுத்துப் போட்டுப் போட்டு பெட்டைகளைக் கூப்பிடுகிறானா, மேலே பருந்து நிழலாடினால் முதல் குரல் கொடுக்கிறானா, பெட்டையைச் சுற்றி ஒரு பக்க இறக்கையைத் தாழ்த்தி ஆடுகிறானா இல்லை ஓடிப்போய்ப் பிடரியைக் கவ்வுகிறானா, ஆளைக் கண்டால் விலகுகிறானா, காலில் பாய்கிறானா. பாய்கிறவனைத் திருத்துகிறேன் என்று யாரும் இறங்க வேண்டாம், வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் முள் கண்ணுக்குத்தான் வரும். அந்தக் குணம் குஞ்சுக்கும் இறங்கும், அவன் வாரிசே வேண்டாம். ஒருவனைத் தேர்ந்தெடுத்த பிறகும் இரண்டாவதாக ஒருவனைக் கொஞ்ச காலம் தனியே வைத்திருப்பது நல்லது. ஆறு மாதத்தில் சாதுவாக இருந்தவன் ஒரு வயதில் மாறிப்போவதுண்டு.

சேவலை மாற்றினால் உடனே முட்டை எடுத்து அடை வைக்காதீர்கள். பெட்டையின் உடம்புக்குள் சேவலின் விந்து இரண்டு வாரத்துக்கு மேல்கூட உயிரோடு தங்கும், பழையவன் போய்விட்டாலும் அவன் குஞ்சு வந்துகொண்டேதான் இருக்கும். அதிலும் பெட்டைக்கு ஒரு சாமர்த்தியம், தகுதி குறைந்த சேவல் வம்படியாக மிதித்தால் அந்த விந்தை அது வெளியே தள்ளிவிடுகிறது என்று 2000இல் ஆராய்ச்சியாளர்கள் கண்டார்கள். புதுச் சேவலின் குஞ்சுதான் வேண்டுமென்றால் பழையவனைப் பிரித்து மூன்று வாரம் விட்டுவிட்டு அதற்கப்புறம் இடுகிற முட்டையைச் சேருங்கள். அந்த மூன்று வாரத்துக்குள்தான் எந்தக் கோழியாவது பிடிவாதமாக அடைக்கு உட்காரும், பார்த்துக்கொண்டே இருங்கள். பொய் முட்டை இரண்டு கைவசம் இருக்கிறதே என்று கோழியை அதன் மேல் உட்கார வைத்து மூன்று வாரத்தையும் ஓட்டிவிடாதீர்கள், அதற்குப் பிறகு உண்மை முட்டைக்கு இன்னும் 21 நாள் உட்காரக் கோழியின் உடம்பு தாங்காது. கம்பிக் கூண்டில் போட்டுத் தெளிய வையுங்கள், அடுத்த அடைக்கு வைத்துக்கொள்ளலாம்.